நீச்சல் குளத்தின் அருகே வீடு வாங்கலாமா?

வீட்டை அமைதிக்குரிய இடமாக ஆக்கித் தந்திருப்பதைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாக வல்ல அல்லாஹ் ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தின் 80-ஆம் வசனத்தில் எடுத்துரைக்கின்றான். வெளியில் அலைந்து திரிந்து வருபவனின் உடலும் உள்ளமும் ஓய்வு பெறும் இடம் அது. ஆதலால் வீடு வாங்க நாடுபவர் விலையையும் பத்திரத்தையும் வில்லங்கத்தையும் பார்ப்பதோடு, அந்த அமைதி அவ்வீட்டில் கிட்டுமா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

சென்னை, கோவை போன்ற நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிய பின் உலமாக்களிடம் ஒரு மஸ்அலா கேட்கப்படுகிறது. “வீடு பார்த்திருக்கிறோம், எல்லாம் பிடித்திருக்கிறது. ஆனால் பால்கனிக்குக் கீழேயே நீச்சல் குளம். ஆண்களும் பெண்களும் வந்து குளிக்கிறார்கள். வாங்கலாமா?” பல வருடச் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து கேட்பவர்களும் உண்டு. தாய்மார்கள்தாம் இதில் அதிகம் கவலைப்படுகிறார்கள். பகல் முழுவதும் அவ்வீட்டில் இருக்கப் போகிறவர்கள் அவர்கள்தாமே!

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நீச்சல் குளம் என்பது சாராயக்கடை அல்ல. சூதாட்டக் கூடமும் அல்ல. நீந்துவது ஆகுமான காரியம். நம் பாட்டனார்கள் ஊர்க் குளத்திலும் ஆற்றிலும் நீந்திப் பழகியவர்கள்தாம். சென்னை மெரினா கடற்கரையில் மாநகராட்சியே ஒரு பொது நீச்சல் குளத்தை நடத்தி வருகிறது. குளம் பக்கத்தில் இருப்பதே ஹராம் என்று யாராவது சொன்னால் அது மார்க்கம் சொல்லாததைச் சொல்வதாகும்.

இது முற்றிலும் புதிய பிரச்சினையும் அல்ல. ஷாம் தேசத்தில் ஹம்மாம் என்னும் பொதுக் குளியலறைகள் இருந்தன. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் தூய்மையைப் பற்றிய பாடத்தில் ஹம்மாமைக் குறித்தும் எழுதுகிறார்கள். உடலைத் தூய்மையாக்குகிறது, அதன் வெப்பம் நரகத்தை நினைவூட்டுகிறது என்று அதைப் புகழ்ந்த முன்னோர்களும் இருந்தனர். அவ்ரத்தை வெளிப்படுத்துகிறது, வெட்கத்தைப் போக்கிவிடுகிறது என்று இகழ்ந்தோரும் இருந்தனர் என்பதை அங்கே காணலாம். இரண்டும் ஒரே கட்டடத்தைப் பற்றிய பேச்சுத்தான். தண்ணீரில் குறை இல்லை. குறை, உடையிலும் கண்ணிலும் இருந்தது. இன்றைய குளத்துக்கும் அதே அளவுகோல்தான்.

அவ்ரத்தின் சட்டம் நம் வாசகர்கள் அறிந்ததே. ஆணுக்குத் தொப்புளுக்கும் முட்டுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி அவ்ரத். முட்டுக்கால் அதில் சேருமா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேற்றுமை உண்டு. தொடை அவ்ரத் என்பதில் இவ்விரு மத்ஹபுகளிலும் வேற்றுமை இல்லை. நீச்சல் உடையோ தொடைக்கு மேலேயே நின்றுவிடுகிறது. பெண்களின் நீச்சல் உடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பார்வையைத் தாழ்த்தும் கட்டளை ‘அந்நூர்’ அத்தியாயத்தின் 30, 31-ஆம் வசனங்களில் ஆண்களுக்குத் தனியாகவும் பெண்களுக்குத் தனியாகவும் வந்துள்ளது. பிள்ளைகளை மட்டும் கண்டித்துவிட்டுப் பெரியவர்கள் பால்கனியில் தேநீரோடு உட்கார்ந்திருக்க அதில் இடமில்லை. குளிப்பவர் எம்மதத்தவராயினும் பார்ப்பவர் மீதுள்ள கடமை மாறாது.

அப்படியானால் அவ்வீட்டை விட்டுவிட வேண்டியதுதானா? இங்கே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாதையில் உட்காருவதைப் பற்றிச் சொன்ன ஹதீஸ் நமக்கு வழி காட்டுகிறது. அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிப்பதை இமாம் புகாரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். பாதைகளில் உட்காருவதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு நபியவர்கள் முதலில் சொன்னார்கள். எங்களுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை, அங்கேதான் பேசிக்கொள்கிறோம் என்று தோழர்கள் முறையிட்டபோது, அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்னும் கருத்தில் விடையளித்தார்கள். அந்த உரிமை என்ன என்று கேட்டபோது முதலாவதாகச் சொன்னது பார்வையைத் தாழ்த்துவதைத்தான். பிறருக்குத் துன்பம் தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியவை அடுத்து வந்தன.

இதிலிருந்து விளங்குவது என்ன? தவிர்க்க முடியுமானால் தவிர்ப்பது முந்தியது. வசதியும் நேரமும் இருந்து, அதே விலையில் வேறு வீடும் கிடைக்கும்போது குளத்தின் மேல் சென்று உட்காருவது பேணுதலுக்கு உகந்ததல்ல. ஆனால் வேலை, பள்ளிக்கூடம், வயதான தாய் தந்தையர், பள்ளிவாசலின் அருகாமை என்று உண்மையான தேவை இருக்குமானால் மார்க்கம் கதவை அடைத்துவிடவில்லை. கடமையை ஏற்றுக்கொண்டு வா என்கிறது. வயது வந்த பையன்களும் பெண்களும் உள்ள வீடாக இருந்து, அவர்கள் படிக்கும் அறையின் ஜன்னலே குளத்தைப் பார்த்ததாக அமைந்தால் அந்த வீட்டை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. திரையைப் போட்டுவிட்டால் போதும் என்று தந்தை நினைப்பார். அத்திரையை விலக்குவதற்கு ஒரு விரல் போதும்!

அந்தக் கடமையை யார் சுமப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வீட்டை வாங்கிக் குடியேறிய பின், குளத்தை மூடுங்கள், துணி கட்டி மறையுங்கள் என்று சங்கத்தாரிடம் சண்டை பிடிக்கிறார்கள். ஷரீஅத்தின் தீர்ப்பு வேறுவிதமாக இருக்கிறது. உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரையில் ஹனஃபி மத்ஹபின்படி தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் சட்ட நூலில் அண்டை வீட்டாரின் உரிமைகளைப் பற்றிய பிரிவுகள் உள்ளன. அதன் 1202-ஆவது பிரிவு, பெண்கள் புழங்கும் அடுப்படி, கிணற்றடி, முற்றம் ஆகியவற்றைப் பார்க்கும்படி ஜன்னல் வைப்பதைப் பெருந்துன்பம் என்று கணக்கிடுகிறது. சுவரோ பலகைத் தடுப்போ வைத்து அதை நீக்க வேண்டும். ஆனால் ஜன்னலை அடியோடு அடைத்துவிடும்படி கட்டாயப்படுத்துவதில்லை. 1207-ஆவது பிரிவு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஒருவர் தம் இடத்தை முறைப்படி அனுபவித்து வரும்போது மற்றொருவர் பக்கத்தில் வந்து புதிதாக வீடு கட்டிக்கொண்டு, எனக்குத் துன்பமாயிருக்கிறது என்றால், அத்துன்பத்தை நீக்கிக்கொள்வது வந்தவரின் பொறுப்பாகும். கொல்லன் பட்டறைக்குப் பக்கத்தில் வீடு கட்டியவர், சம்மட்டிச் சத்தம் தாங்கவில்லை, பட்டறையை நிறுத்துங்கள் என்று கேட்க முடியாது என்று அங்கேயே உதாரணமும் தரப்பட்டுள்ளது.

குளமும் அப்படித்தான். அது முன்பே இருந்தது. நாம் பிறகு போகிறோம். மறைப்பு நம் செலவு, நம் பொறுப்பு. இந்த எண்ணத்தோடு கணக்குப் போட்டுப் பார்த்து, அதற்கும் சேர்த்துப் பணம் இருந்தால் வாங்கலாம்.

மறைப்பு எந்த அளவுக்குத் தேவை? இதற்கும் முன்மாதிரி உண்டு. மிஸ்ரில் காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்கள் மாடியறை ஒன்று கட்டியபோது, அது அண்டை வீட்டாரின் அந்தரங்கத்தைப் பார்க்கும்படி அமைந்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்தது. செய்தி மதீனாவுக்குப் போயிற்று. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு எழுதினார்கள். அவ்வறையில் கட்டிலைப் போட்டு அதன் மேல் நெட்டையுமில்லாத குட்டையுமில்லாத ஓர் ஆளை நிறுத்திப் பார்க்க வேண்டும். அவருக்குக் கீழே தெரிந்தால் அறையை இடித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. ஆளை நிறுத்திப் பார்த்தார்கள், தெரியவில்லை. அறை தப்பியது. மிஸ்ரின் வரலாற்றை எழுதிய இப்னு அப்தில் ஹகம் (ரஹ்) இதைக் குறிப்பிடுகிறார்கள்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் இந்தச் சோதனையை அப்படியே செய்து பார்க்கலாம். ஒவ்வோர் அறையிலும், அடுப்படியிலும், துணி காயப்போடும் இடத்திலும் நடுத்தர உயரமுள்ள ஒருவர் நின்று பார்க்கட்டும். பிறகு வீட்டாரில் ஒருவர் மேலே நிற்க, மற்றவர் கீழே குளத்தங்கரைக்குப் போய் அண்ணாந்து பார்க்கட்டும். நாம் அவர்களைப் பார்ப்பதைப் பற்றியே பேசுகிறோம். அவர்கள் நம் வீட்டுப் பெண்களைப் பார்ப்பதை மறந்துவிடுகிறோம். தலைமுடியை உலர்த்தும் பெண் ஒவ்வொரு முறையும் முக்காட்டைத் தேடி ஓட வேண்டிய வீட்டில் அமைதி எங்கிருந்து வரும்?

பார்க்கப் போகும் நேரமும் முக்கியம். புரோக்கர் அழைத்துச் செல்வது பெரும்பாலும் காலை பதினொரு மணிக்கு. அப்போது குளம் வெறிச்சோடிக் கிடக்கும், நீலத் தண்ணீர் அழகாகத் தெரியும். அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையில், அதுவும் கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்ப் பாருங்கள். கூச்சல், விசில், சில இடங்களில் பாட்டு, மோட்டார் சத்தம், குளோரின் வாடை எல்லாம் அப்போதுதான் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். கட்டுமான நிறுவனங்கள் சில, குளத்தைப் பார்த்த வீட்டுக்குத் தனியாகக் கூடுதல் பணம் வாங்குகின்றன. எந்தக் காட்சியிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோமோ அந்தக் காட்சிக்கே அதிக விலை கொடுத்து, பிறகு அதை மறைக்கத் திரைக்கும் செலவு செய்வது! அதே கட்டடத்தின் மறுபக்கத்து வீடு பலமுறை மலிவாகவே கிடைக்கும்.

அடுக்குமாடியில் மற்றொரு சிக்கலும் உண்டு. தனி வீடு வாங்குபவருக்குக் குளம் அடுத்தவருடையது. அடுக்குமாடியில் வாங்குபவரோ நிலத்தில் பிரிக்கப்படாத பாகத்துக்கும், பொது இடங்களுக்கும், ஆகவே குளத்துக்கும் பங்காளியாகிறார். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தில் குளத்துக்கும் ஒரு பகுதி போகிறது. பாவத்துக்கு உதவியதாகாதா என்று பேணுதலுள்ளவர்கள் அஞ்சுகிறார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்வதும் சுவரைப் பழுது பார்ப்பதும் பாவமான வேலைகள் அல்ல. ஆகுமான பொருளைப் பாவமான முறையில் பயன்படுத்துபவர் அதன் குற்றத்தைச் சுமக்கிறார். ஆனால் பங்காளி என்பதால் நமக்குப் பேசும் உரிமையும் வந்துவிடுகிறது. சங்கக் கூட்டத்தில் பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கக் கேட்கலாம். பல நீச்சல் குளங்களில் இம்முறை இருக்கத்தான் செய்கிறது. பிற மதச் சகோதரிகளிலும் இதை விரும்புகிறவர்கள் உண்டு. பாதையின் உரிமையில் நன்மையை ஏவுவதும் இருந்தது என்பதை நினைவிற்கொள்க. ஏவுவது வேறு, ஏசுவது வேறு. குளிக்க வருபவர்கள் நம் அண்டை வீட்டார். ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்பினீர்களா என்று திரும்பத் திரும்ப விசாரித்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் வழிதான் நமக்கு வழி. நோன்புக் கஞ்சியை அவர்கள் வீட்டுக்குக் கொடுத்துப் பழகியவரின் வேண்டுகோளைக் கூட்டத்தில் தட்டிவிட மாட்டார்கள்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டார் இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பார்க்க வேண்டியது வேலியை. குளத்தைச் சுற்றிலும் தடுப்பும், தானாக மூடிக்கொள்ளும் கதவும், பிள்ளைக்கு எட்டாத தாழ்ப்பாளும் இருக்கின்றனவா? நீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் சத்தமே போடுவதில்லை. சில நிமிடங்களில் காரியம் முடிந்துவிடுகிறது. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. வேலி இல்லாத குளம் என்றால் ஜன்னலைப் பற்றிய பேச்சே தேவையில்லை, வேறு வீடு பார்க்க வேண்டியதுதான்.

இனி ஒப்பந்தம். வாங்கும்போதே தெரிந்திருந்த குறையைக் காட்டிப் பின்னர் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இல்லை; இரு மத்ஹபுகளின் சட்டமும் இதுவே. கண்ணெதிரே கிடக்கும் குளத்தை, தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. எனவே தயக்கம் உள்ளவர்கள் ‘கியாருஷ் ஷர்த்’ என்னும் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். யோசித்து உறுதி செய்யவோ ரத்து செய்யவோ மூன்று நாள் தவணையை ஒப்பந்தத்திலேயே பேசி வைப்பது அது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்), இமாம் அபூஹனீஃபா (ரஹ்) இருவரிடமும் மூன்று நாளே எல்லை. இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும் நாள் குறிப்பிடப்பட்டிருந்தால் அதற்கு மேலும் அனுமதிக்கிறார்கள். அந்த நாட்களில் மாலையிலும் இரவிலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். (வட்டிக் கடனில் வீடு வாங்குவதன் கேடு தனியே எழுத வேண்டிய விஷயம், இங்கே அதைத் தொடவில்லை.)

கட்டி முடியாத வீடாக இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கி, குளம் எங்கே வரப்போகிறது என்று பாருங்கள். ரெரா என்று அழைக்கப்படும் 2016-ஆம் வருடச் சட்டத்தின் 14-ஆவது பிரிவின்படி, வீடு ஒதுக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதிக்காமல் பொது இடங்களின் அமைப்பை மாற்ற முடியாது. வரைபடத்தில் இல்லாத குளம் பிற்பாடு உங்கள் ஜன்னலடியில் முளைத்தால் கேட்க உரிமையுண்டு. அப்போது பட்டறை நமக்குப் பிறகு வந்ததாகிறது.

அத்தகைய வீட்டை விற்பவருக்கும் ஒரு மஸ்அலா. குறையை மறைத்து விற்பது ஆகாது என்று ஹதீஸ் வந்துள்ளது. குளத்தைக் காட்ட வேண்டியதில்லை. அது தானே தெரியும். ஆனால் குளத்து நீர் கசிந்து படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறுவதும், இரவு முழுவதும் ஓடும் மோட்டாரின் அதிர்வும் பகலில் வந்து பார்ப்பவருக்குத் தெரியமாட்டா. அவற்றை வாய்திறந்து சொல்லியே விற்க வேண்டும். புதிதாக வண்ணம் அடித்து ஓதத்தை மறைத்தால், அதை அறிந்த பின் வாங்கியவர் வீட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்க ஷரீஅத்தில் உரிமையுண்டு.