மரத்தின் சாந்து

சூறைக்காற்றில் வாழை சாய்கிறது, பனை நிற்கிறது. வாழையில் குறைவாகவும் பனையில் மிகுதியாகவும் உள்ள ஒரு பொருளே இதற்குப் பெரிதும் காரணம். அதன் பெயர் லிக்னின். செல்லுலோஸ் நார்களைச் செங்கல் என்று கொண்டால், அவற்றை இறுகப் பிணைக்கும் சாந்து லிக்னினே. மரத்தின் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு இதுதான்.

காகிதம் செய்வோருக்கு வேண்டியது நார் மட்டுமே. எனவே மரத்தைக் காரத்தில் வேகவைத்துச் சாந்தைக் கரைத்துவிடுகிறார்கள். அந்தக் கரிய நீரைச் சுண்டவைத்து உலையில் எரிக்கிறார்கள். ஆலைக்கு நீராவி கிடைக்கிறது, காரமும் மீள்கிறது. இது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எரிக்காமல் சூடாக்கினால் என்ன ஆகும்?

வேதியியல் மாணவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்த கேள்வி இது. காற்றுப் புகாத கலத்தில் 500 பாகை சென்டிகிரேடு அளவில் சூடாக்கினால், லிக்னின் தீப்பற்றாது, சிதையும். ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய் போன்ற நீர்மம் கிடைக்கும். அதில் பீனாலும், குவையகால் முதலிய அதன் உறவுப் பொருள்களும் உண்டு. ஒட்டுப்பலகைப் பசைக்கும் பேக்கலைட்டுக்கும் பீனாலே மூலப்பொருள். இன்று அது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது.

மரத்தைக் காய்ச்சி வடிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1923-இல் பத்திராவதியில் தொடங்கிய மைசூர் இரும்பாலை, தாதுவை உருக்கக் கரி வேண்டி மரத்தை மூடிய கலங்களில் சுட்டது. கரியோடு நில்லாமல், ஆவியைக் குளிர்வித்து மெத்தில் ஆல்கஹாலும் எடுத்தது. அதில் ஒரு பகுதி லிக்னின் தந்ததே.

அப்படியானால் தடை என்ன? உடைப்பது எளிது, உடைந்தவை உடைந்தபடி நிற்பதே அரிது. சூட்டில் பிரிந்த துண்டுகள் மீண்டும் ஒன்றோடொன்று பிணைந்து கரியாகின்றன. தப்பியவையோ பல பொருள்களின் கலவை, ஒவ்வொன்றும் சிறிதளவே. பிரித்தெடுக்கும் செலவு விலையை விழுங்கிவிடும். ஆகவேதான் ஆய்வாளர்கள் விரைந்து சூடாக்கி உடனே குளிர்விக்கிறார்கள். ஜியோலைட் போன்ற ஊக்கிகளைச் சேர்க்கிறார்கள். ஹைட்ரஜனை ஊட்டித் துண்டுகள் மீண்டும் பிணையாமல் தடுக்கிறார்கள்.

லிக்னினை விலைப்பொருளாக்க இயலும் என்பதற்கு நார்வே சான்று. சார்ப்ஸ்போர்க் நகரில் ஓர் ஆலை, ஸ்புரூஸ் மரத்து லிக்னினைக் காரமும் காற்றும் சேர்த்துச் சூடாக்கி, ஐஸ்கிரீமில் மணக்கும் வனிலினைச் செய்கிறது. நாரையும், மரச் சர்க்கரையிலிருந்து வரும் ஆல்கஹாலையும் உடன் விற்பதால் அதற்குச் செலவு கட்டுகிறது.

நண்பர்களே, பஞ்சாப் வயல்களில் எரிக்கப்படும் நெல்தாளிலும், நம் ஊர்க் கரும்புச் சக்கையிலும் இதே சாந்து உண்டு. அதைப் புகையாக்குவதா, பொருளாக்குவதா என்பதற்கு நம் தலைமுறையின் ஆய்வுக்கூடங்களே விடை சொல்ல வேண்டும்.