எல்லாம் செய்தும் தூக்கம் வரவில்லையா?

“டீச்சர், கைப்பேசிய ஹால்லயே வச்சிடுறேன். கோப்பி குடிக்கிறதில்ல. ஒன்பதரைக்கே படுத்துடுறேன். அம்மா சூடா பால் கொடுக்கிறாங்க. அப்பவும் ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் வரல. நான் என்ன தப்பு பண்றேன்?”

உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி ஒருவர், ஆய்வுக்கூடத்தில் குடுவைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டே இப்படிக் கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு அதே கேள்வியை நானே என்னிடம் ஒவ்வோர் இரவும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீடு பன்னிரண்டாவது மாடியில். பதினான்கு மாதங்கள் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. தொடங்கியது அப்பா மருத்துவமனையில் இருந்தபோது. அவர் குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். என் தூக்கம்தான் திரும்பவில்லை. அம்மா தேக்காவுக்குப் போய் ஜாதிக்காயும் அமுக்கராப் பொடியும் வாங்கிவந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். தூக்கக் கலக்கம் தரும் சளி மாத்திரையை எடுத்தேன். மூன்று இரவுகள் வேலை செய்தது, பிறகு அதுவும் கைவிட்டது. (மருத்துவர் சொல்லாமல் இதை நீங்கள் செய்யாதீர்கள். உடல் அந்த மாத்திரைக்கு வெகு சீக்கிரம் பழகிவிடும்.) எம்ஆர்டியின் முதல் ரயில் போகும் சத்தம் கேட்டால், ‘இன்றைக்கும் போச்சு’ என்று நினைத்துக்கொள்வேன்.

ஓரிரு நாள் தூக்கம் வராதது எல்லாருக்கும் நடப்பது. தேர்வுக்கு முந்திய இரவை நினைத்துப் பாருங்கள். வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களுக்கு மேல், தூங்க நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் வராமல் பகல் வேலையும் கெட்டால், மருத்துவர்கள் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். இது வேறு வகைச் சிக்கல். இதற்குப் பாலும் இருட்டறையும் போதாது. ஏன் என்று புரிந்துகொள்ள, தூக்கம் எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம்.

1982ல் சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெய் என்ற ஆய்வாளர் ஒரு விளக்கம் தந்தார். தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன என்றார் அவர். முதலாவது, தூக்க அழுத்தம். நீங்கள் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது ஏறிக்கொண்டே போகிறது. மூளைச் செல்கள் ஆற்றலைச் செலவழிக்கும்போது சேரும் அடினோசின் என்ற பொருளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் கஃபைன் போய் உட்கார்ந்துகொள்வதால்தான் கோப்பி குடித்தால் தூக்கம் தெரிவதில்லை. குடித்த கஃபைனில் பாதி உடலை விட்டுப் போக ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலை நான்கு மணிக்குக் குடித்த பபள் டீயின் பாதி இரவு ஒன்பதுக்கும் உங்களுக்குள் இருக்கும்.

இரண்டாவது, உயிரியல் கடிகாரம். கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியில் ஒரு சிறிய செல் கூட்டம் இருக்கிறது. எப்போது விழிப்பு, எப்போது உறக்கம் என்று அது உடலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்வது வெளிச்சம், குறிப்பாகக் காலை வெளிச்சம்.

இப்போது என் மாணவி என்ன செய்கிறார் என்று பாருங்கள். முந்திய இரவு தூங்கவில்லை என்பதால் பள்ளி விட்டு வந்ததும் ஒரு குட்டித் தூக்கம். அதோடு சேர்ந்திருந்த அழுத்தம் பாதி இறங்கிவிடுகிறது. அப்புறம் ஒன்பதரைக்கே படுக்கை. அவருடைய கடிகாரமோ அப்போது ‘இன்னும் நேரமாகவில்லை’ என்கிறது. தூக்கம் வராமல் புரள்கிறார். சனி, ஞாயிறில் பதினொரு மணி வரை படுத்து ஈடுகட்டப் பார்க்கிறார். கடிகாரம் இன்னும் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தவறு என்று சொல்ல முடியாத, பார்த்தால் நல்ல பிள்ளை செய்வது போலவே இருக்கும் ஒவ்வொரு செயலும் தூக்கமின்மைக்கு உரமாகிறது.

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத்தான் கவனித்தார். தூக்கமின்மையைத் தொடங்கிவைப்பது ஒன்று. அதை நீடிக்க வைப்பது வேறொன்று. தொடங்கியது அப்பாவின் நோயாக இருக்கலாம், தேர்வாக இருக்கலாம். நீடிக்க வைப்பது, இழந்த தூக்கத்தை மீட்க நாம் செய்யும் முயற்சிகளே.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ரஷ்யாவின் பாவ்லோவ் சோதனையில், உணவோடு சேர்த்து ஒரு குறிப்பிட்ட ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, பிறகு ஒலி கேட்டாலே எச்சில் ஊறியது. மாதக்கணக்கில் படுக்கையில் விழித்தபடி கவலைப்பட்டவருக்குப் படுக்கைதான் அந்த ஒலி. சோபாவில் தொலைக்காட்சி பார்க்கும்போது கண் சொருகும். எழுந்துபோய்க் கட்டிலில் படுத்ததும் விழிப்பு வந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. கட்டிலைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும்.

ஆகவே சிகிச்சை நாம் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது. இதற்குத் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். 2016ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்களுக்கு மாத்திரைக்கு முன்பு முதலில் இதையே தர வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இதில் ஒரு பகுதியை ரிச்சர்ட் பூட்சின் 1972லேயே வகுத்தார். தூக்கம் வந்தால் மட்டும் படுங்கள். ஏறத்தாழ இருபது நிமிடங்களில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடம் போங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், உத்தேசம் போதும். மங்கிய விளக்கில் சலிப்பூட்டும் ஏதாவது செய்யுங்கள். தூக்கம் வந்ததும் திரும்புங்கள். படுக்கையில் வீட்டுப்பாடம், கைப்பேசி எதுவும் கூடாது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். நான் சலவை செய்த துணிகளை மடித்தேன். அந்த மாதங்களில் எங்கள் வீட்டு அலமாரி அவ்வளவு ஒழுங்காக இருந்தது!

மற்றொரு பகுதி ஸ்பீல்மனுடையது. இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. இயற்பியலில் ‘திறன் விழுக்காடு’ கணக்கிட்டிருப்பீர்கள்: பயனுள்ள ஆற்றலை, கொடுத்த மொத்த ஆற்றலால் வகுப்பது. தூக்கத்துக்கும் அப்படியே. நான் இரவு 9.30 முதல் காலை 5.30 வரை எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தேன். நாட்குறிப்பின்படி தூங்கியது சராசரியாக ஐந்து மணி நேரம். ஐந்தை எட்டால் வகுத்தால் 62.5 விழுக்காடு. நன்றாகத் தூங்குபவருக்கு இது 85 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்.

சிகிச்சையாளர் என்ன சொன்னார் தெரியுமா? “இனி நள்ளிரவு பன்னிரண்டுக்கு முன் படுக்கக்கூடாது. எழுவது அதே 5.30.” ஐந்தரை மணி நேரம்தான்! தூக்கம் இல்லை என்று வந்தவரிடம், படுக்கும் நேரத்தைக் குறை என்கிறாரே என்று எனக்குக் கோபமே வந்தது. முதல் வாரம் கொடுமை. இரவு பத்தரைக்கு உட்கார்ந்தபடியே தலை தொங்கும். என் கணவர் தட்டி எழுப்புவார். 330 நிமிடங்களில் 270 நிமிடம் தூங்கினேன், 82 விழுக்காடு. இரண்டாம் வாரம் 290 நிமிடம், 88 விழுக்காடு. அதன்பிறகுதான் படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னே கொண்டுவர அனுமதி. இப்படியே வாரம் ஒரு கால் மணியாக ஏற வேண்டும். அழுத்தத்தைச் சேரவிட்டு, ஒரே மூச்சில் தூங்கும்படி மூளையைப் பழக்குவதுதான் இதன் நோக்கம்.

மாணவர்களே, இந்தக் கடைசிப் பகுதியை நீங்களாகச் செய்து பார்க்கக்கூடாது. உங்கள் வயதில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. வலிப்பு நோய், இருமுனை மனநிலைக் கோளாறு போன்றவை உள்ளவர்களுக்கு இது ஆபத்தாகவும் முடியலாம். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் வேண்டாம். பூட்சினின் விதிகளை நீங்கள் இன்றே தொடங்கலாம்.

இந்தச் சிகிச்சையால் எவ்வளவு பலன்? 1,162 பேர் பங்கேற்ற 20 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015ல் ஒரு பகுப்பாய்வு வந்தது. தூக்கம் வர ஆகும் நேரம் சராசரியாக 19 நிமிடம் குறைந்தது. நடுவில் விழித்துக் கிடக்கும் நேரம் 26 நிமிடம் குறைந்தது. மொத்தத் தூக்கமோ சிகிச்சை முடிந்த கையோடு 8 நிமிடம்கூடக் கூடவில்லை! நான் இதைப் படித்தபோது ஏமாந்துதான் போனேன். பிறகுதான் யோசித்தேன்: என்னை வாட்டியது குறைந்த தூக்கம் மட்டுமா, அல்லது இருட்டில் விழித்துக் கிடந்த அந்த மணிகளா? எல்லாருக்கும் இது பலிப்பதில்லை என்பதும் உண்மை. எனக்கு இன்றும் மாதத்தில் இரண்டு, மூன்று மோசமான இரவுகள் உண்டு. ஆனால் இப்போது அவற்றைக் கண்டு பயப்படுவதில்லை.

பயம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. “தூங்காவிட்டால் செத்துவிடுவோமா?” என்று சிலர் கேட்பதுண்டு. இணையத்தில் தேடினால் தூக்கமே அற்றுப்போய் உயிரைப் பறிக்கும் ஒரு பரம்பரை நோயைப் பற்றிப் படிக்க நேரும். புரியான் என்ற புரதம் தவறாக மடிவதால் வரும் அந்த நோய், உலகில் மிகச் சில குடும்பங்களில் மட்டுமே உள்ளது. உங்கள் தூக்கமின்மை அதுவல்ல. 1964ல் முடிந்த ஒரு முயற்சியில், ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது அமெரிக்க மாணவர் 264 மணி நேரம் விழித்திருந்தார். (யாரும் முயல வேண்டாம், ஆபத்து என்பதால் கின்னஸ் இப்போது இத்தகைய சாதனைகளை ஏற்பதில்லை.) முடிவில் அவர் பதினான்கு மணி நேரம்தான் தூங்கினார். இழந்ததை மணிக்கு மணி திருப்பிக் கேட்காமல், ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்டி மூளை சமாளித்துக்கொள்கிறது.

மாணவியிடம் திரும்புவோம். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “லீவுல எப்படித் தூங்குறீங்க?”

“ரெண்டு மணிக்குப் படுத்தா உடனே தூங்கிடுவேன், டீச்சர். பத்து மணிக்கு நல்லா எழுந்துடுவேன்.”

அப்படியானால் அவருக்குத் தூங்கும் திறன் கெடவில்லை, கடிகாரம்தான் தள்ளிப்போயிருக்கிறது. வளரிளம் பருவத்தில் கடிகாரம் இயல்பாகவே பின்னுக்குப் போகும். அது சோம்பேறித்தனம் அல்ல. சிங்கப்பூரில் வேறொரு சுமையும் உண்டு. நாம் கிழக்குத் தீர்க்கரேகை 103.8 பாகையில் இருக்கிறோம். பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் 415 நிமிடம், அதாவது கிரீன்விச்சை விட 6 மணி 55 நிமிடம் முன்னே. நம் கடிகாரமோ 8 மணி நேரம் முன்னே ஓடுகிறது. மலேசியா நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தைக் கொண்டுவந்தபோது, 1982 பிறந்த வேளையில் நாமும் அரை மணி முன்னே நகர்ந்தோம். அதனால் சூரியன் உச்சிக்கு வர ஏறத்தாழ பகல் ஒரு மணி ஆகிறது. காலை 6 மணிக்கு அலாரம் அடிக்கும்போது சூரியக் கணக்கில் ஐந்துகூட ஆகியிருக்காது. கடிகாரத்தைச் சரிசெய்யும் வெளிச்சம் வருமுன்பே பேருந்தில் ஏறிவிடுகிறீர்கள்.

2016 ஜூலையில் நன்யாங் மகளிர் உயர்நிலைப் பள்ளி, பள்ளி தொடங்கும் நேரத்தை 7.30லிருந்து 8.15க்கு மாற்றியது. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் மாணவிகளைக் கவனித்தார்கள். கிடைக்கும் நேரம் முழுவதையும் பிள்ளைகள் தாமதமாகப் படுத்தே போக்கிவிடுவார்கள் என்ற அச்சம் பொய்த்தது. ஒரு மாதம் கழித்துப் பள்ளி நாள் இரவுகளில் படுக்கையில் இருந்த நேரம் 23 நிமிடம் கூடியிருந்தது. ஒன்பது மாதம் கழித்தும், தூங்கிய நேரம் முன்பைவிட 10 நிமிடம் கூடுதலாகவே இருந்தது. பத்து நிமிடம்தானே என்று எனக்குத் தோன்றவில்லை.

பள்ளி நேரத்தை நானோ என் மாணவியோ மாற்ற முடியாது. எனவே ஒரு நாட்குறிப்பு எழுதச் சொன்னேன்: படுத்த நேரம், தூங்கியதாக நினைக்கும் நேரம், விழித்த நேரம், பகல் தூக்கம், கஃபைன். இரண்டு வாரம், வார இறுதியும் சேர்த்து. பகல் தூக்கத்தை விட்டுவிட்டு, வார இறுதியிலும் எட்டு மணிக்குள் எழுந்து வெளிச்சத்துக்குப் போகச் சொன்னேன். இவர் வீடு லிட்டில் குய்லின் பக்கம்தான். குளத்தைச் சுற்றி அரை மணி நடந்தால் போதும்.

இன்னும் சில கேள்விகள் மருத்துவருக்கானவை. குறட்டையும் மூச்சுத் திணறலும் உண்டா? இரவில் கால் குறுகுறுத்து அசைக்கத் தோன்றுகிறதா? (இரும்புச்சத்துக் குறைவாலும் இப்படி வரும்.) எதிலும் விருப்பமில்லாமல், உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றுகிறதா? அந்தக் கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே பெற்றோரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சொல்லுங்கள்.

நாட்குறிப்பின் முதல் வாரம் நிரம்பிவிட்டது. அடுத்த வியாழக்கிழமை அவர் அம்மாவுடன் பலதுறை மருந்தகத்துக்குப் போகிறார். தாளை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்; ‘தூக்கம் வரல’ என்ற இரண்டு சொல்லைவிட அந்தத் தாள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.