ரெபெக்காளின் ஆட்டுத்தோல்

கேள்வி: ஆதியாகமத்தில் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என ஆண்கள் பெயர்தானே ஒலிக்கிறது? பெண்களுக்கு என்ன பங்கு?
– வாசகி, புணே

பதில்: வாரிசு யாரென்று முடிவு செய்ததே அவர்கள்தான். கண் மங்கிய ஈசாக்கு மூத்தவன் ஏசாவை ஆசீர்வதிக்க இருந்தார். அவர் மனைவி ரெபெக்காள் ஆட்டுக்கறி சமைத்து, இளையவன் யாக்கோபின் வழுவழுப்பான கைகளிலும் கழுத்திலும் ஆட்டுத்தோலைச் சுற்றி அனுப்பிவிட்டாள். தடவிப் பார்த்த கிழவர் ஏமாந்தார். சூதுதான், மறுக்கவில்லை. ஆனால் மூத்தவன் இளையவனுக்கு அடங்குவான் என்ற தெய்வவாக்கு வந்தது அவளிடம்தானே! ஆபிரகாம் வீட்டு அடிமைப்பெண் ஆகாரோ கடவுளுக்கே பெயர் சூட்டினாள்.

பைபிளை மொழிபெயர்த்ததிலும் பெண்களுக்குப் பங்கு உண்டு. உங்கள் ஊரிலிருந்து தவுண்டு போகும் வழியில் கேட்காவ் இருக்கிறது. அங்கே பண்டித ரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் படித்து, பைபிளை எளிய மராத்தியில் பெயர்த்தார். அச்சுக் கோத்தவர்கள் அவருடைய முக்தி மிஷன் பெண்கள்.