வெள்ளியா, வெள்ளையா? பல் அடைக்கும் பொருட்களின் குணங்களை அறிவோம்



நமது தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளில் பலர் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்கு நிற்கிறார்கள். அங்கே பல்லுவலி வந்து ஒரு கிளினிக்குக்குப் போனால், "வெள்ளி அடைக்கவா, வெள்ளை அடைக்கவா?" என்று கேட்பார்கள். பிள்ளை முழிக்கும். விலை கூடியதுதான் நல்லது என்று நினைத்து அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வரும். இல்லாவிட்டால், "எதுக்கு வம்பு, புடுங்கி விடுங்க" என்று சொல்லிவிடும். பிடுங்கிய பல் திரும்ப முளைக்காது.

ஆகவே இம்முறை, பல் வைத்தியத்தில் பாவிக்கும் பொருட்களைப் பற்றிப் படிப்போம். விலை கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்ற கணக்கு பல்லுக்குச் சரிவராது. எந்த இடத்துக்கு எந்தப் பொருள் பொருந்தும் என்பதே இங்கே கணக்கு.

நான்கு குணங்கள்

முதலாவது, பாரம் தாங்குதல். கடைவாய்ப் பல்லை இறுக்கிக் கடிக்கும்போது அதன்மேல் 50 கிலோ வரை, சிலருக்கு அதற்கு மேலும், பாரம் விழும். அதாவது ஒரு சீமெந்து மூட்டையின் பாரம். அந்த இடத்தில் அடைக்கும் பொருள் நொறுங்காமல் நிற்க வேண்டும்.

இரண்டாவது, சூடு கடத்துதல். பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் உதடு அவ்வளவாகச் சுடாது. உலோகக் கோப்பையில் குடித்தால் உடனே சுடும். வாயிலும் இதுதான் நடக்கிறது. ஆழமான ஓட்டையில் உலோகத்தை நேரே வைத்தால் சூடும் குளிரும் பல்லின் நரம்பைத் தொடும். அதனால்தான் டொக்டர் முதலில் அடியில் ஒரு சீமெந்துப் பூச்சு வைக்கிறார்.

மூன்றாவது, விரிதலும் சுருங்குதலும். லயத்துத் தகரக் கூரை வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கி, நாளடைவில் ஆணியைத் தளர்த்திவிடும். சுடச்சுடத் தேத்தண்ணி, பிறகு பச்சைத் தண்ணி என்று மாறிமாறிக் குடிக்கும் வாயிலும் அப்படியே. பல் ஒரு பங்கு விரியும்போது வெள்ளி அடைப்பு இரண்டு பங்குக்கு மேலும், அக்ரிலிக் பிளாஸ்டிக் ஏறக்குறைய ஏழு பங்கும் விரியும். வேறுபாடு கூடக்கூட ஓரத்தில் சந்து விழும். அந்தச் சந்தில் சீனியும் கிருமியும் போய்ச் சேர்ந்தால் அடைத்த பல் மறுபடியும் சூத்தையாகும்.

நான்காவது, ஒட்டுதல். சில பொருட்கள் பல்லோடு தாமாகவே ஒட்டும். சில ஒட்டாது, குழியின் வடிவத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

பொருட்கள் ஒவ்வொன்றாக

வெள்ளி அடைப்பு: இதன் பெயர் அமல்கம். வெள்ளி, தகரம், செம்பு ஆகியவற்றின் தூளைப் பாதரசத்தோடு கலந்து செய்வது. ஏறத்தாழப் பாதி பாதரசம். பாரத்தை நன்றாகத் தாங்கும், பல வருடம் கிடக்கும், எச்சில் கொஞ்சம் பட்டாலும் பெரிதாகக் கெடாது. ஆனால் பல்லோடு ஒட்டாது. ஆகவே அது மாட்டி நிற்க நல்ல பல்லையும் கொஞ்சம் வெட்ட வேண்டும்.

"பாதரசம் நஞ்சுதானே?" என்று கேட்பீர்கள். இறுகிய அடைப்பில் பாதரசம் மற்ற உலோகங்களோடு கட்டுப்பட்டு இருக்கிறது. வெளியே வரும் ஆவி மிகச் சிறிய அளவு. அதனால் நல்லபடியாக இருக்கும் பழைய வெள்ளி அடைப்பைப் பயந்து தோண்டி எடுக்க வேண்டியதில்லை. தோண்டும்போதுதான் ஆவி கூட வரும். ஆனாலும் பாதரசம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடு. ஜப்பானில் மினமாட்டா குடாவில் தொழிற்சாலைக் கழிவுப் பாதரசம் கலந்த மீனைத் தின்று ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். அந்த ஊரின் பெயரிலேயே 2013ஆம் ஆண்டு ஓர் உலக உடன்படிக்கை உண்டானது. இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கர்ப்பிணித் தாய்மார், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு, டொக்டர் அவசியம் என்று கருதினாலன்றி, அமல்கம் வைப்பதில்லை என்று அந்த நாடுகள் 2022இல் முடிவெடுத்தன. ஆகவே கர்ப்பமாக இருந்தால் டொக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வெள்ளை அடைப்பு: இதன் பெயர் கொம்போசிட். பிசினும் மிக நுண்ணிய கண்ணாடித் தூளும் சேர்ந்தது. நீல வெளிச்சம் பிடித்தால் இறுகும். பல்லின் நிறத்திலேயே இருக்கும். ஒட்டவைக்கும் திரவம் பூசி வைப்பதால் நல்ல பல்லை அதிகம் வெட்டத் தேவையில்லை. ஆனால் இரண்டு விடயம் கவனிக்க வேண்டும். இறுகும்போது இது சுருங்கும். மண் சுவர் காயும்போது வெடிப்பது போலத்தான். அதனால் 2 மில்லிமீற்றர் அளவில் படைபடையாக வைத்து, ஒவ்வொரு படைக்கும் வெளிச்சம் பிடிப்பார்கள். அடுத்தது, வைக்கும் இடம் காய்ந்திருக்க வேண்டும். எச்சிலோ இரத்தமோ பட்டால் ஒட்டாது. ஆகவே டொக்டர் பஞ்சு வைத்து "வாயை மூடாதீங்க" என்றால் மூட வேண்டாம். சாயத் தேத்தண்ணியும் வெத்தலையும் இதில் கறை ஏற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கிளாஸ் அயனோமர்: லண்டனில் வில்சன், கென்ட் என்ற இருவர் 1960களின் கடைசியில் உருவாக்கிய சீமெந்து. பல்லோடு தானாகவே ஒட்டும். பல் விரியும் அளவுக்கே இதுவும் விரியும். பல்லை உறுதியாக்கும் புளோரைட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மின்சாரம் இல்லாத இடத்திலும் கைக் கருவியால் சூத்தையைச் சுரண்டிவிட்டு இதை வைக்கலாம். பிள்ளைகளின் பாற்பல்லுக்கு மிகவும் உதவும். குறை என்னவென்றால், பெரியவர்களின் கடைவாய்ப் பல்லில் பாரம் தாங்காமல் சீக்கிரம் தேயும்.

கராம்பு மணக்கும் தற்காலிக அடைப்பு: நாக ஒட்சைட்டு என்ற வெள்ளைத் தூளை, கராம்பு எண்ணெயிலுள்ள இயுஜினோலோடு குழைத்து வைப்பது. நோவைத் தணிக்கும். இது சில கிழமைகளுக்கு மட்டும். நம் பிள்ளைகள் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வலி நின்றதும் "சுகமாயிருச்சு" என்று திரும்பப் போவதில்லை. தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது அடைப்பும் இல்லை, பல்லும் பாதி இல்லை. இன்னொன்று, இந்தக் கராம்புச் சத்து கொம்போசிட்டைச் சரியாக இறுகவிடாது. ஆகவே வேறு டொக்டரிடம் போனால், முன்பு என்ன வைத்தார்கள் என்று சொல்லுங்கள்.

பல் கட்டுவது

இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. இலங்கைக்கு இறப்பர்க் கன்று வந்தது 1876இல், கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு. அந்தக் காலத்தில் உலகமெங்கும் பொய்ப்பல்லின் முரசுத் தட்டைச் செய்ததே இறப்பரில்தான். இறப்பரோடு கந்தகத்தைக் கூடுதலாகச் சேர்த்துச் சூடாக்கினால் கல்லுப்போல இறுகும். 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்த பிறகே அது மறைந்தது.

அக்ரிலிக் இலேசானது, முரசின் நிறத்தில் செய்யலாம். ஆனால் கொதிதண்ணி பட்டால் கோணிப்போகும். கோணிய தட்டு முரசைப் புண்ணாக்கும். பச்சைத் தண்ணியில் கழுவுங்கள். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். காய்ந்தாலும் வடிவம் மாறும்.

பதிவில்லாத சிலர், "கழற்றத் தேவையில்லை, ஒரே நாளில் நிலையான பல்லு" என்று சொல்லி, சூடாக்காமலே இறுகும் அக்ரிலிக்கை வாயிலேயே குழைத்துப் பக்கத்துப் பற்களோடு ஒட்டிவிடுகிறார்கள். இதில் இறுகாத மருந்து கூட மிஞ்சும், அது முரசை எரிக்கும். அடியில் சுத்தம் செய்ய வழியில்லை. கடைசியில் நல்ல பல்லும் ஆடும். வெத்தலை போடுவோருக்கு இது இன்னும் ஆபத்து. வாய்ப்புற்றுநோய் நம் நாட்டு ஆண்களிடம் அதிகம். புண் தட்டுக்கு அடியில் மறைந்து கிடக்கக் கூடாது. இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணை உடனே காட்டுங்கள்.

எங்கே போவது, என்ன கேட்பது?

கொழும்பில் அரசாங்கப் பல் வைத்தியசாலை வாட் பிளேசில் இருக்கிறது. நம் தேயிலைக்குப் பேர் வாங்கிய லிப்டனின் பெயரால் மக்கள் சொல்லும் லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கம். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் பஸ்ஸில் போகலாம். மலைநாட்டில் இருப்போருக்குப் பேராதனையில் பல் போதனா வைத்தியசாலை உண்டு. தனியார் கிளினிக்குக்குப் போனால், டொக்டர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவானவரா என்று பாருங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்:

1. என்ன பொருள் வைக்கிறீங்க? ஏன் இந்தப் பல்லுக்கு அது?
2. இது தற்காலிகமா, நிரந்தரமா?
3. நான் திரும்ப எப்போது வரவேணும்?

பதிலைத் துண்டில் எழுதி வாங்கி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொழும்பில் பிள்ளை வைத்திருப்போர் அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்ட கையோடு, "பல்லுக்குத் திரும்பப் போனியா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.