வெந்தயமும் நெருஞ்சியும்

வெந்தயப் பொடியை நீரிலிட்டுக் குலுக்கினால் நுரை எழும். இதற்குக் காரணம் சப்போனின் என்னும் பொருளாகும். இதன் சர்க்கரைப் பகுதி நீரை நாடும். 27 கரியணுக்களைக் கொண்ட ஸ்டீராய்டுப் பகுதி கொழுப்பை நாடும். சவர்க்காரத்தின் தன்மையும் இத்தகையதே. உணவில் நாம் சேர்க்கும் அளவில் இதனால் தீங்கில்லை.

நெருஞ்சியிலும் இவ்வினப் பொருள் உண்டு. மழைக்குப்பின் வெயிலில் வாடிய நெருஞ்சியை மிகுதியாக மேய்ந்த ஆடுகளின் பித்த நாளங்களில் படிகங்கள் தோன்றி அடைப்பு உண்டாகும். பச்சையத்தின் கழிவு வெளியேறாமல் குருதியில் தங்கும். வெயில் பட்டதும் முகம் வீங்கும், கண் மஞ்சளாகும். தென்னாப்பிரிக்காவில் செம்மறியாடுகள் பல இவ்வாறு மடிந்துள்ளன.

ஆகவே, மேய்ச்சல் நிலங்களில் நெருஞ்சியைக் காய்க்குமுன் களைதல் பஞ்சாயத்தின் கடமையாகும். நோய் கண்ட ஆட்டை உடனே நிழலில் கட்டி, கால்நடை மருத்துவரிடம் காட்டுக.