நம் அடுக்களையும் நம் இரத்தமும்

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. உடல் நலமாக இருந்தால்தான் படிப்பும் விளையாட்டும் ஏறும். இவ்வுண்மையை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கீழே விழுந்து தெரிந்துகொண்டேன்.

சென்ற ஆண்டு விளையாட்டு விழாவுக்காகப் பயிற்சி செய்தபோது மைதானத்திலேயே மயங்கி விழுந்தேன். மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 12 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 9.2 கிராம்தான் இருந்தது. "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று டாக்டர் அம்மா கேட்டார்கள். "ஒரு தம்ளர் தேநீர், இரண்டு பிஸ்கட்" என்றேன். "நேற்று?" என்றார்கள். அதே பதிலைத்தான் சொன்னேன்.

இரத்தசோகை

ஹீமோகுளோபின் என்பது உடல் முழுவதும் உயிர்வளியைச் சுமந்து செல்லும் பொருள். அது உண்டாக இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் படியேறும்போது மூச்சு வாங்கும், பாடத்தில் மனம் நிற்காது, முகம் வெளுக்கும். வளரும் வயதாலும் மாதவிலக்காலும் பெண்பிள்ளைகளுக்கு இச்சத்து மிகுதியாகத் தேவைப்படுகிறது. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 30 மில்லிகிராம் வேண்டுமென்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கூறுகிறது. அந்நிறுவனம் 1918-ஆம் ஆண்டில் நம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில், ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்டது என்பது நமக்குப் பெருமை.

2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை உண்டு. தோழியரே, நம் வகுப்பில் ஒரு பெஞ்சில் ஐந்து பேர் அமர்ந்தால் அதில் மூவர் என்று எண்ணிப் பாருங்கள்!

எலுமிச்சையும் தேநீரும்

நம் வீடுகளில் கீரையும் பயறும் இல்லாமல் இல்லை. பின் ஏன் இந்தக் குறை? டாக்டர் அம்மா விளக்கினார்கள். கீரை, பயறு, தானியம் ஆகியவற்றில் உள்ள இரும்பு உடலில் எளிதில் சேராது. உண்பதில் சிறு பங்கையே குடல் ஏற்றுக்கொள்ளும். அத்துடன் வைட்டமின் சி சேர்ந்தால் அந்தப் பங்கு கூடும். தேநீரோ காபியோ சேர்ந்தால் குறையும். சோறுண்ட கையோடு தேநீர் குடிப்பது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதைப் போன்றதாகும். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடவேண்டும்.

வைட்டமின் சி-க்கு நாம் எங்கும் அலைய வேண்டாம். வாசுதேவநல்லூரிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் புளியங்குடி. எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. மூட்டை மூட்டையாக வெளியூருக்கு லாரி ஏறும் அப்பழத்தை நாம் ஊறுகாய்க்கும் விருந்தாளிக்கும் மட்டுமே வைத்திருக்கிறோம். ஒன்றை நினைவிற்கொள்க: வைட்டமின் சி சூட்டில் அழியும். ஆகவே பருப்பையோ கீரையையோ அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சாற்றைப் பிழிய வேண்டும். நாட்பட்ட ஊறுகாயில் அச்சத்து குறைந்துவிடும், உப்பும் மிகுதி. புதுச்சாறே சிறந்தது.

வீட்டிலேயே செய்து வைக்கத்தக்கவை

1. முருங்கைக்கீரைப் பொடி: முருங்கைக்கீரையைக் கழுவி, நீர் வடித்து, ஆய்ந்து, நிழலில் மூன்று நான்கு நாள் உலர்த்துக. வெயிலில் போட்டால் நிறமும் சத்தும் கெடும். தோல் உளுந்து 100 கிராம், எள் 50 கிராம், மிளகாய் வற்றல் ஆறு ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்து, உலர்ந்த கீரை இரண்டு கைப்பிடி, உப்பு சேர்த்துப் பொடிக்க. சுடுசோற்றில் இரண்டு கரண்டி பொடி, நல்லெண்ணெய், அரை மூடி எலுமிச்சைச் சாறு இட்டுப் பிசைந்தால் அவசரக் காலைக்கு அருமையான உணவு.

2. சத்துமாவு: கேழ்வரகு அரைக் கிலோ, கம்பு கால் கிலோ, பாசிப்பயறு 100 கிராம். இவற்றைத் தனித்தனியே இரவு முழுவதும் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து முளைகட்டுக. முளைத்தால் இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும் பொருள் குறையும். நன்றாக வெயிலில் காயவைத்து, இளஞ்சூட்டில் வறுத்து, மில்லில் திரித்து வைக்க. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. கஞ்சிக்குக் கருப்பட்டி சிறிது போதும், அதுவும் இனிப்புதானே!

3. உளுந்து மாவு: தோல் உளுந்தை வாசம் வரும்வரை வறுத்துத் திரித்து வைத்தால் நினைத்தபோது களி கிண்டலாம். நம் பக்கத்தில் பெண் பெரியவளானதும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்து உளுந்தங்களி கொடுப்பார்கள். சடங்கு முடிந்ததும் களியும் முடிந்துவிடுகிறது! வாரம் ஒரு நாளாவது அது தொடர வேண்டும் என்பார் எங்கள் ஆச்சி.

கவனிக்க வேண்டியவை

வறுத்தவை நன்றாக ஆறிய பின்னரே பாத்திரத்தை மூட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி நீராகிப் பூஞ்சணம் பிடிக்கும். ஈரக் கரண்டி ஆகாது. ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவே செய்க. வதக்கவும் தாளிக்கவும் பழைய இரும்புச் சட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். அதிலிருந்தும் சிறிது இரும்பு உணவில் சேரும்.

உணவு மட்டும் போதும் என்று மாத்திரையை விட்டுவிடலாகாது. வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை தரும் திட்டம் 2013 முதல் நாடெங்கும் நடைபெறுகிறது. குமட்டுகிறதென்று அதை ஜன்னல் வழியே எறிந்தவர்களுள் நானும் ஒருத்தி. வெறும் வயிற்றில் விழுங்காமல் மதிய உணவுக்குப் பின் விழுங்கினால் குமட்டல் குறைகிறது. குடற்புழு மாத்திரையையும் தவறாது உட்கொள்ள வேண்டும்.

முடிவுரை

டாக்டர் அம்மா சொன்னபடி மாத்திரையும் இந்த உணவும் மூன்று மாதம் தொடர்ந்தன. மறுபடி பார்த்தபோது 11.6 வந்திருந்தது. இன்னும் 12-ஐத் தொடவில்லை, தொடுவேன்.

ஆனால் நான் எழுத வந்தது என்னைப் பற்றி மட்டுமன்று. அன்று மருத்துவமனையில் துணைக்கு வந்த என் அம்மாவுக்கும் இரத்தம் பார்த்தார்கள். என்னைவிடக் குறைவாக இருந்தது. அதுவரை எங்கள் வீட்டில் அம்மா எப்போது சாப்பிடுகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று யாரும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் பரிமாறிய பின் மிஞ்சிய சோறும் ரசமும், உடனே ஒரு தம்ளர் தேநீரும்தான் அவர்கள் உணவு. இப்போது இரவில் அப்பாவும் தம்பியும் நாங்களும் ஒன்றாகவே அமர்கிறோம். கீரைச் சட்டி முதலில் அம்மாவிடம் போகிறது. எலுமிச்சை பிழிவது தம்பியின் வேலை.

அன்புத் தோழியரே! இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அம்மா, நீங்கள் சாப்பிட்டீர்களா? என்ன சாப்பிட்டீர்கள்?" விடை திருப்தியாக இல்லையென்றால் முருங்கை மரத்தடிக்குச் செல்லுங்கள்.