விமானத்தில் குட்டிக்கரணம்: முதல் பாடம் மீண்டு வருவது

திருத்தணியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில், அரக்கோணத்தில், 1992 முதல் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானத் தளம் இயங்குகிறது. 2024 அக்டோபர் 6-ல் சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகசத்தைப் பார்த்து வந்த இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விமானி ஆகும் ஆசை இன்னும் கூடியிருக்கும். அந்த வித்தைகளின் அரிச்சுவடி இரண்டு பேர் உட்காரும் சின்னப் பயிற்சி விமானத்தில்தான் இருக்கிறது.

விமானப்படைக்குத் தேர்வானால் ஹைதராபாத் அருகே துண்டிகலில் பிலேட்டஸ் பிசி-7 விமானத்தில் இதெல்லாம் பாடத்திட்டத்திலேயே வரும். அங்கே கற்றுத்தரும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி நம் தாம்பரத்தில் இருக்கிறது. தனியார் வழி என்றால் 17 வயதும் 40 மணி நேரப் பறப்பும் முடித்து உரிமம் பெற்ற பிறகு, சாகசப் பறப்பு கற்பிக்கத் தகுதி பெற்ற ஆசிரியரைத் தேடிப் போக வேண்டும்.

முதலில் விமானத்தைப் பாருங்கள். சாதாரண செஸ்னா 172 தாங்குவது 3.8 ‘ஜி’. 4 ஜி என்றால் 60 கிலோ ஆள் 240 கிலோவாக இருக்கையில் அழுந்துவார். விமானத்தின் இறக்கையும் அதே கணக்கில் பாரம் சுமக்கும். சாகசத்துக்கென்றே சான்று பெற்ற செஸ்னா 152 ஏரோபேட் 6 ஜி வரை தாங்கும். சான்று இல்லாத விமானத்தில் ஒரு லூப்கூட (செங்குத்தான முழு வட்டம்) போடக் கூடாது. இதில் எந்தச் சமாதானமும் செல்லாது.

வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். நம் ஊர் மே மாத வெயிலில் நீர் வற்றிய உடம்பு ஜி-யைத் தாங்காது, கண் சீக்கிரம் இருட்டும். சட்டைப் பையில் உள்ள பேனா, சில்லறை, போன் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தலைகீழாகும்போது நழுவும் ஒரு பேனா, வால் சுக்கானாகிய ரட்டரை இயக்கும் மிதியின் அடியில் சிக்கினால் போதும், ஆபத்துதான். பாராசூட் மாட்டி, இடுப்பு வாரை இன்னொரு முறை இறுக்குங்கள்.

மேலே போனதும், எல்லாம் முடிந்து நேராகும்போது தரையிலிருந்து 3,000 அடியாவது மிச்சமிருக்குமா என்று கணக்கிடுங்கள். கரணம் தப்பினால் மரணம் என்பார்கள். உயரம் கையில் இருந்தால் தப்பிய கரணத்திலிருந்தும் மீளலாம். கீழே ஊரோ கூட்டமோ இருக்கக் கூடாது. ஆடிக் கிருத்திகைக்கு மலை நிறைந்திருக்கும் திருத்தணி போன்ற ஊரின் மேல் இதை நினைத்தும் பார்க்கக் கூடாது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி வேண்டும். பிறகு இருபுறமும் திரும்பி, வேறு விமானம் இல்லை என்று கண்ணால் உறுதி செய்யுங்கள்.

இனி ஸ்பின். லூப்புக்கு முன்னால் இதைத்தான் கற்க வேண்டும், ஏனென்றால் தவறிய வித்தை பலவும் இதில்தான் போய் முடியும். வேகம் குறைந்து இறக்கை தூக்குவதை நிறுத்திய நிலையில் விமானம் ஒரு பக்கம் சரிந்தால், மூக்குக் குத்திச் சுழலத் தொடங்கும். கண்ணாடியில் வயலும் ஏரியும் சுற்றும். கை தானாக யோக்கை, அதாவது கட்டுப்பாட்டுக் கைப்பிடியை, பின்னால் இழுக்கும். இழுத்தால் சுழற்சி நிற்காது. ஏரோபேட்டில், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுக்க மூடி, யோக்கை இடவலமாகத் திருப்பாமல் நடுவில் வையுங்கள். சுழலும் திசைக்கு எதிர் ரட்டரைக் கடைசிவரை மிதித்து, உடனே யோக்கை விருட்டென முன்னே தள்ளுங்கள். சுழற்சி நின்றதும் ரட்டரை நடுவுக்குக் கொண்டுவந்து, நிதானமாக மூக்கைத் தூக்குங்கள். மற்ற விமானங்களுக்கு அவற்றின் கையேடு சொல்வதே முறை. அந்த முறையைச் சோதித்து உறுதி செய்யவே காலம் பிடிக்கும்: 2016-ல் முதலில் பறந்த நம் எச்டிடி-40 பயிற்சி விமானம், ஆறு சுற்று ஸ்பின்னிலிருந்து மீள்வதை 2020-ல்தான் செய்து காட்டியது.

ரோல், அதாவது பக்கவாட்டில் ஒரு முழுச் சுழற்சி, எளிது. ஏரோபேட்டில் 115 நாட் வேகத்தில் மூக்கை நன்றாகத் தூக்கி, இழுப்பதை விட்டு, யோக்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பிப் பிடியுங்கள். தலைகீழாக இருக்கும்போது பயந்து இழுத்துவிடாதீர்கள். விமானம் தரையை நோக்கிப் பாயும்.

லூப்புக்கும் அதே 115 நாட். ரேணிகுண்டா போகும் தண்டவாளம் மேலிருந்து தெரிவதுபோல் நீண்ட நேர்கோடு ஒன்றைத் தரையில் பிடித்துக்கொண்டு, சற்றே இறங்கி வேகம் சேருங்கள். ஒரே சீராக 3.5 ஜி அளவுக்கு இழுங்கள். முன்னால் வானம் மட்டும் தெரியும்போது இரு இறக்கை நுனிகளையும் பார்த்து, கோணல் இல்லையென உறுதி செய்யுங்கள். வேகம் குறையக் குறைய வலது ரட்டர் கூட வேண்டும். உச்சியில் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, கூரைக் கண்ணாடி வழியே எதிர்த் தொடுவானத்தைத் தேடுங்கள். அது வந்ததும் த்ராட்டிலைக் குறைத்து, மறுபடி இழுத்து நேராகுங்கள். உச்சியிலேயே வேகம் தீர்ந்துவிட்டால் த்ராட்டிலை மூடி, எல்லாவற்றையும் நடுவில் பிடித்துக் காத்திருங்கள். மூக்கு தானாக விழும், வேகம் திரும்பும்.

குமட்டல் வந்தால் அன்றைய பாடம் அத்தோடு போதும், இறங்கிவிடுங்கள். வீடியோ பார்த்துவிட்டோ இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டோ தனியாக முயலாதீர்கள். ஸ்பின்னிலிருந்து நீங்களே மீள்வதை ஆசிரியர் பக்கத்தில் இருந்து பார்த்துச் சம்மதிக்கும் வரை, தனியாக ஒரு லூப்பும் வேண்டாம்.